கொடைக்கானல் – மூணாறு நேர்ச்சாலை ஏன் மூடப்பட்டது?

"கொடைக்கானலில் இருந்து மூணாறுக்கு மலைமேலேயே ஒரு சாலை இருந்ததாமே, அதை மறுபடியும் திறந்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருந்தது. மாநில நெடுஞ்சாலை 18-இன் பகுதி அது. நீளம் சுமார் 81 கிலோமீட்டர். இன்று வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, போடி வழியாக மறுபடி மலையேறினால் ஏறத்தாழ இரு மடங்கு தூரம்.

அதன் தொடக்கத்தை கொடைக்கானலுக்கு வெளியே உள்ள மோயர் பாயிண்டில் பார்க்கலாம். 1929-இல் பேரிஜம் ஏரி வரையிலான கோஷன் சாலைக்கு அங்கேதான் வேலை தொடங்கியது. அதற்கு நட்ட நினைவுக்கல் இன்னும் நிற்கிறது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த கோஷனின் பெயர் அது. 1942-இல் ஜப்பான் படையெடுப்பு அச்சம் பரவியபோது, வெள்ளையர் மலை வழியே கொச்சிக்குத் தப்பிச் செல்ல இந்தச் சாலையை வைத்திருந்தார்கள் என்பார்கள். 'எஸ்கேப் ரோடு' என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.

8,000 அடிக்கு மேல் ஏறி, வந்தரவு சிகரத்தின் அருகே போய், மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனை ஒட்டி இறங்கும் சாலை. மழையிலும் மண்சரிவிலும் பராமரிப்பு விட்டுப்போனது. தமிழ்நாடு – கேரள எல்லைத் தகராறும் சேர்ந்துகொள்ள, 1990 வாக்கில் போக்குவரத்து நின்றது. கேரளப் பக்கம் 2003-இல் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா ஆனது. நம் பக்கம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வந்தது. இனித் திறப்பது எளிதல்ல.

திறக்கவும் கூடாது என்பேன். வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பேரிஜம் போய்ப் பாருங்கள். சாலையோரம் காட்டுமாடு நின்றால் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவாக நகர்ந்தால்தான் வழி. அந்த ஏரித் தண்ணீர்தான் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீர். அதைச் சேர்த்துத் தருவது சுற்றியுள்ள சோலையும் புல்வெளியும். சீசனில் கொடைக்கானல் ஏரிச்சாலையில் நிற்கும் வண்டி வரிசையை அப்படியே அங்கே திருப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கிளாவரை கிராம மக்களின் கோரிக்கை வேறு. மன்னவனூர், கவுஞ்சி தாண்டி மலைக்கோடியில் இருக்கும் அவர்களுக்கு, எல்லைக்கு அந்தப்புறம் உள்ள கேரளக் கிராமமான வட்டவடை கூப்பிடு தூரம். நடந்து போய்வரும் அந்தச் சிறு துண்டுக்காவது வழி கேட்கிறார்கள். மூணாறு சுற்றுலாவையும் இதையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் அவர்கள் குரல் எடுபடாமல் போகிறது. அதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும்.