ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ஸ்பிரிங்

கேள்வி: எங்கள் வீட்டு ரேடியோகிராமின் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்தது) பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே இருந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். அதில் இசிசி83, இஎல்84, இஇசட்80 என மூன்று வால்வுகள். ஸ்பீக்கர் மாட்டினால் பாடுகிறது, கொஞ்சம் உறுமலோடு. கிட்டாரையும் குரலையும் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறேன். இந்த ஆம்ப்பை வைத்து ஸ்பிரிங் ரிவெர்ப் செய்ய முடியுமா? எந்த டேங்க் வாங்குவது? எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: முடியும். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மாற்றவும் வேண்டாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: சத்தத்தை ஸ்பிரிங் வழியே அனுப்பி எதிரொலி முழக்கம் சேர்ப்பதுதான் ஸ்பிரிங் ரிவெர்ப், அந்த ஸ்பிரிங்குகள் இருக்கும் தகரப்பெட்டிதான் டேங்க். உங்கள் ஆம்ப்பின் பெரிய பாதி, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வான இஎல்84, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், பவர் சப்ளை எல்லாம், ஏற்கெனவே ஒரு ரிவெர்ப் டிரைவர்தான். ஸ்பீக்கரின் காயிலை ஆட்டிய அதே மின்னோட்டம் இனி ஸ்பிரிங்கின் நுனியில் உள்ள காயிலை ஆட்டப்போகிறது. வேலை முழுக்க மறுமுனையில் இருக்கிறது. ஸ்பிரிங்கிலிருந்து திரும்பி வரும் சில மில்லிவோல்ட் சத்தத்தை, உறுமல் கலக்காமல் தூக்கியெடுக்க வேண்டும். பலர் டிரைவருக்கு நாள்கணக்கில் மெனக்கெட்டுவிட்டு இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு சோதனை. பழைய செட்டுகளில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏசி/டிசி வகை உண்டு. வால்வின் பெயர் யுசிஎச், யுஎல், யுஒய் என்று 'யு'வில் தொடங்கும். அவற்றில் சேஸிஸே (எல்லாம் மாட்டியிருக்கும் உலோகச் சட்டம்) நேராக மெயின்ஸோடு தொடர்பில் இருக்கும். கிட்டார் கம்பியைத் தொட்டால் 230 வோல்ட்டைத் தொட்ட மாதிரி. உங்களுடையது 'இ' வரிசை, 6.3 வோல்ட் ஹீட்டர், டிரான்ஸ்ஃபார்மர் உள்ளது. ஆகவே தொடரலாம். வேறு யாராவது இதைப் படித்துவிட்டு 'யு' வால்வு செட்டைத் திறந்தால், தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள்.

சரி, உறுமலைப் பார்ப்போம். பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், புதிதாகப் போடுங்கள். ஆனால் பெரிதாகப் போட்டால் நல்லது என்று, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வான இஇசட்80-க்கு அடுத்த முதல் கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரட் ஆக்கிவிடாதீர்கள். அந்த ரெக்டிஃபயருக்கு 50தான் உச்சம். அதைவிட முக்கியமானது, இசிசி83-இலிருந்து இஎல்84-இன் கிரிட்டுக்கு (வால்வுக்குள் சத்தம் நுழையும் முனை) போகும் கப்ளிங் கெப்பாசிட்டர். பழைய பேப்பர் கெப்பாசிட்டராக இருந்தால் கேள்வியே கேட்காமல் மாற்றுங்கள். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் ஏறி, வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தே போகும். மாற்றிய பிறகு இஎல்84-இன் கேத்தோடில் சுமார் 7 வோல்ட் இருந்தால் அது நிம்மதியாக ஓடுகிறது என்று அர்த்தம். மூன்று கம்பி மெயின்ஸ் வயர் போட்டு எர்த்தை சேஸிஸில் இறுக்குங்கள். ஃபியூஸ் கட்டாயம். முதல் தடவை போடும்போது 60 வாட் குண்டு பல்ப் போட்ட சீரிஸ் போர்டு வழியாகப் போடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே 250, 300 வோல்ட் தேங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை மின்காப்புப் பிடியுள்ள கிளிப்பில் மாட்டி வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பின்பே கை வையுங்கள்.

இனி டேங்க். தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் ஏற்படும் தாமதத்தை ஆய்வகத்தில் செய்து பார்க்க பெல் ஆய்வுக்கூடம் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தியது. அந்த யோசனையை 1930களின் இறுதியில் சிகாகோவின் லாரன்ஸ் ஹாமண்ட் தன் ஆர்கன்களுக்கு எடுத்துக்கொண்டார். கம்பளம் விரித்த வீட்டுக் கூடத்தில் ஆர்கன் வாசித்தால் தேவாலயத்து முழக்கம் வரவில்லையே என்று வாங்கியவர்களுக்குக் குறை. அங்கிருந்து அது கிட்டாருக்கு வந்தது. 1961-இல் ஃபெண்டர் வெளியிட்ட தனி ரிவெர்ப் பெட்டிதான் கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக்கு அந்த 'ஈரமான' சத்தத்தைக் கொடுத்தது. அதன் டிரைவர் 6கே6 என்ற பவர் வால்வு, கூடவே ஓர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். உங்கள் இஎல்84-க்கு அது ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி.

நீங்கள் கேட்க வேண்டிய எண் 4ஏபி3சி1பி. மந்திரம் மாதிரி இருந்தாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. முதல் 4 என்பது சுமார் 43 சென்டிமீட்டர் நீள வகை. இரண்டு ஸ்பிரிங் பாதைகள், ஒன்றில் சத்தம் 33 மில்லி செகண்டிலும் மற்றதில் 41-இலும் மறுமுனைக்குப் போய்ச் சேரும். இரண்டும் வேறுபடுவதால்தான் எதிரொலி டக் டக் என்று எண்ணும்படி இல்லாமல் குழைந்து வருகிறது. அடுத்துள்ள 'ஏ' உள்ளே போகும் காயில் 8 ஓம் என்கிறது, 'பி' வெளியே வரும் காயில் 2,250 ஓம். 3 என்றால் நீண்ட கார்வை. 'சி' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்புட் சாக்கெட் டேங்க்கின் தகரத்தோடு ஒட்டாமலும், அவுட்புட் சாக்கெட் ஒட்டியும் இருக்கும் என்பது அதன் பொருள். இரண்டும் ஒட்டியிருந்தால் எர்த் வளையம் உருவாகி, நீங்கள் விரட்டிய உறுமல் கொல்லைப்புறமாகத் திரும்பி வரும். கடைசி 'பி' படுக்கையாக, திறந்த பக்கம் கீழே பார்க்க வைப்பதைக் குறிக்கிறது.

வேறு எண்ணுள்ள டேங்க்கை யாராவது மலிவாகத் தந்தால் முதல் இலக்கத்துக்கு அடுத்துள்ள எழுத்தைப் பாருங்கள். 'இ' 600 ஓம், 'எஃப்' 1,475 ஓம். அவை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓட்டுவதற்கானவை. உங்கள் 8 ஓம் முனையில் மாட்டினால் பெருமூச்சுதான் வரும்.

டேங்க்கை ஸ்பீக்கர் முனையில் நேராக மாட்டிவிடலாமா? வேண்டாம். 'ஏ' வகைக் காயிலுக்குத் தேவை சுமார் 28 மில்லி ஆம்பியர்தான். முழு வேகத்தில் ஓடும் இஎல்84 ஐந்து வாட்டுக்கு மேல் தரும். அந்த மெல்லிய காயிலுக்கு அது அடைமழை. அதனால் ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். அங்கிருந்து 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியாக டேங்க்குக்கு எடுங்கள். இதில் இரண்டு லாபம். டேங்க் வயர் எப்போதாவது கழன்றாலும் டிரான்ஸ்ஃபார்மர் சுமையில்லாமல் நிற்காது. சுமையில்லாமல் முழுச் சத்தத்தில் ஓடினால் பிரைமரியில் வோல்ட்டேஜ் எகிறிப் பொறி பறந்துவிடும். இரண்டாவது, காயிலின் இம்பீடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் தடை) அதிர்வெண்ணோடு ஏறிக்கொண்டே போகும். 1 கிலோ ஹெர்ட்ஸில் 8 ஓம் இருந்தது 10 கிலோ ஹெர்ட்ஸில் பத்து மடங்கு. முன்னால் 100 ஓம் இருப்பதால் மின்னோட்டம் அவ்வளவாகச் சரியாது, மேல் சுரங்களின் பளபளப்பு போகாது.

இசிசி83-க்குள் இரண்டு டிரையோடுகள், அதாவது சத்தத்தைத் தனித்தனியாகப் பெருக்கும் இரண்டு பாதிகள், இருக்கின்றன. ரெக்கார்டு பிளேயருக்காக இரண்டையும் அடுத்தடுத்து பயன்படுத்தியிருப்பார்கள். உங்களுக்கு ஒன்று போதும். அதன் கெயின் ஐம்பது மடங்குக்குப் பக்கம், இஎல்84 முழுதாக நிமிர 4.3 வோல்ட் தேவை. ஆகவே 100 மில்லிவோல்ட் கொடுத்தாலே தாராளம். அந்த டிரையோடுக்கும் இஎல்84-க்கும் நடுவில் 500 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலை வையுங்கள். அதுதான் ஃபெண்டர் பெட்டியில் 'டுவெல்' என்று எழுதிய திருகு. அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டரை 1 நானோஃபாரட், 630 வோல்ட் ஆக்குங்கள். 320 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துவிடும். சரியட்டும், ஸ்பிரிங்குக்கு பேஸ் ஆகாது. மொத்தச் சத்தத்தையும் சேறாக்கிவிடும்.

இங்கே ஒரு குழியைக் காட்டிவிடுகிறேன், நானே விழுந்தது. பல ஆம்ப்களில் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒரு ரெசிஸ்டர் முதல் டிரையோடின் கேத்தோடுக்குத் திரும்பி வரும். நெகட்டிவ் ஃபீட்பேக். நடுவிலிருந்து ஒரு நிலையை எடுத்துவிட்டால் கட்டம் (ஃபேஸ்) தலைகீழாகி அது பாசிட்டிவ் ஆகிவிடும். நான் சுவிட்சைப் போட்டதும் ஆம்ப் சங்கு ஊதியது. வால்வைச் சந்தேகப்பட்டு இரண்டு புது வால்வு வாங்கினேன். கழற்றியிருக்க வேண்டியது ஒரே ஒரு ரெசிஸ்டர்.

மிச்சமிருக்கும் இரண்டாவது டிரையோடு, திரும்பி வரும் சத்தத்துக்கு. கிரிட்டிலிருந்து எர்த்துக்கு 220 கிலோ ஓம், பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓமும் 25 மைக்ரோஃபாரடும். இதற்கு வரும் ஹெச்டியை (பவர் சப்ளையின் உயர் வோல்ட்டேஜ்) மட்டும் தனியாக 10 கிலோ ஓம், 22 மைக்ரோஃபாரட் போட்டு இன்னொரு தடவை வடிகட்டுங்கள். ஹீட்டர் வயர்களை முறுக்கிவிட்டு, ஹீட்டரின் ஒரு பக்கம் சேஸிஸில் இருந்தால் அதைப் பிரித்து, இரு பக்கத்திலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் வழியே எர்த்துக்குக் கொடுங்கள். வெளியே போகும் கெப்பாசிட்டர் 10 நானோஃபாரட், 630 வோல்ட், புதியது. பிளேட்டின் 150, 200 வோல்ட்டுக்கும் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் நிற்பது அது ஒன்றுதான். அதன் வெளிப்பக்கத்திலிருந்து எர்த்துக்கு ஒரு மெகா ஓம். இன்டர்ஃபேஸில் லைன் இன்புட்டில் செருகாமல் கிட்டாருக்கான இன்புட்டில் செருகுங்கள். 10 கிலோ ஓம் லைன் இன்புட்டைத் தூக்க இசிசி83-க்குத் தெம்பு கிடையாது.

ரிவெர்ப் சேராத நேர்ச் சத்தத்தை இந்தப் பெட்டிக்குள் கலக்க வேண்டாம். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சேனலைக் குறைந்த அளவில் அனுப்பி, ஸ்பிரிங் சத்தத்தை மட்டும் இன்னொரு சேனலில் பதிந்து, வேண்டிய அளவு கலந்துகொள்ளுங்கள். மேடையில் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைப்பதென்றால் கலப்பதற்கு இன்னொரு வால்வு தேவைப்படும், அது வேறு வேலை. பதிவுக்கு மட்டும் ஸ்பிரிங் போதும் என்பவர் ஒரு டிஎல்072 ஐசியை வைத்து 'இ' வகை டேங்க்கை ஓட்டினால் பாதி உழைப்பில் சுத்தமான ரிவெர்ப் கிடைக்கும். வால்வு தருவது, டுவெல்லைத் திருகும்போது டிரைவர் திணறுகிற அந்தக் கரகரப்பை. அது பிடித்திருந்தால் மட்டும் இவ்வளவும் செய்யுங்கள்.

கடைசியாக, டேங்க்கை எங்கே வைப்பது? ஆம்ப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அவுட்புட் காயில் காந்தத்தை முகர்ந்து பார்க்கிற மூக்கு மாதிரி, பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால் உறுமலைத்தான் முகரும். தனி மரப்பெட்டியில், அடியில் ஸ்பாஞ்ச் போட்டு, ஒரு மீட்டர் ஷீல்டு வயரில் தள்ளி வையுங்கள். எல்லாம் மாட்டியதும் டுவெல்லைப் பூஜ்யத்தில் வைத்து, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே டேங்க்கை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று அடங்கும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அப்புறம் திருகாணியை முடுக்குங்கள்.