மூலிகைச் சாறு நம் செல்களை என்ன செய்கிறது? டர்பன் பகுதித் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

மூலிகைச் சாறுகளை வெள்ளையணுக்களில் சோதிப்பது என் வேலை. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா: மஞ்சள் அழற்சியைக் குறைக்கும் என்று நிரூபித்துவிட்டார்களாமே தம்பி? மாத்திரையாகவே தினமும் சாப்பிடலாமா?

அம்மா, அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் நடந்தவை. மேக்ரோபேஜ் என்னும் வெள்ளையணுவை வளர்த்து, பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள எல்பிஎஸ் என்ற பொருளால் சீண்டுவோம். உடனே என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் செல்லின் கருவுக்குள் போய், டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்க வைக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் இந்தப் பாதையை அடக்குகிறது. அது உண்மைதான். ஆனால் தட்டில் ஊற்றுகிற அளவு நம் ரத்தத்தில் சேர்வதில்லை. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும், அதையும் ஈரல் சீக்கிரம் மாற்றிவிடும். மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் உறிஞ்சுவது 20 மடங்கு கூடும் என்று 1998-இல் பெங்களூரில் காட்டினார்கள். ஆனால் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். குழம்பில் போடுகிற மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை வேண்டாம் அம்மா, அதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி: எங்கள் இலைச்சாறு டிஎன்எஃப்-ஐப் பாதியாகக் குறைத்தது அண்ணா. இது நல்ல மருந்தா?

முதலில் செல்கள் உயிரோடு இருந்தனவா என்று பாரும்மா. செத்த செல்லும் டிஎன்எஃப் சுரக்காது! செல்கள் உயிரோடு உள்ளனவா என்று காட்டும் எம்டிடி சோதனை செய்யாமல் அந்த எண்ணை நம்பாதே. சாறு ஊற்றியதும் டிஎன்எஃப் ஏறினால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மண்ணிலிருந்து பிடுங்கிய வேரில் பாக்டீரியாவின் எல்பிஎஸ் ஒட்டியிருக்கும். அது செல்லைத் தூண்டிவிட்டதை நாம் செடியின் குணம் என்று எழுதிவிடுவோம். எல்பிஎஸ்-ஐக் கட்டிப்போடும் பாலிமிக்சின்-பி சேர்த்து மறுபடி செய்து பார். ஏற்றம் மறைந்தால் அது செடியின் வேலை இல்லை.

டோங்காட் அண்ணன் ஒருவர்: எச்ஐவி உள்ள நண்பர் உன்வெலே கஷாயம் குடிக்கிறார். எச்ஐவியை அடக்கும் ஏஆர்வி மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார்.

தயவுசெய்து தடுத்துவிடுங்கள் அண்ணா. உன்வெலே, அதாவது சதர்லாண்டியா என்ற தென்னாப்பிரிக்க மூலிகை, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. ஏஆர்வி இன்னும் தொடங்காத எச்ஐவி நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அந்த இலைத்தூளையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் 24 வாரம் கொடுத்தார்கள். முடிவு 2015-இல் வெளிவந்தது. வைரஸ் அளவிலும், எச்ஐவி அழிக்கிற சிடி4 வெள்ளையணுக்களின் எண்ணிக்கையிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. தொற்றால் அவதிப்பட்ட நாட்கள் உன்வெலே சாப்பிட்டவர்களுக்கே கூடுதல். டிபி வராமல் இருக்க ஐசோனியாசிட் எடுத்தும் இரண்டு பேருக்கு டிபி வந்தது, அவர்கள் உன்வெலே தரப்பு. அந்த மாத்திரையின் வேலையை இலை கெடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கவலைப்பட்டார்கள். தவிர, பல ஏஆர்வி மருந்துகளை ஈரலில் உடைக்கிற சிஒய்பி3ஏ4 நொதியை இந்தச் சாறு தடுப்பதாகச் சோதனைக்குழாயில் தெரிந்திருக்கிறது. கஷாயம் குடிப்பதை அவர் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஃபீனிக்ஸ் அக்கா: எனக்கு முடக்குவாதம். எதிர்ப்புச் சக்தி கூட சீந்தில் பொடி சாப்பிடலாமா?

கூடாது அக்கா. உங்கள் மூட்டைத் தாக்குவதே உங்கள் எதிர்ப்புச் சக்திதான், அதை ஏன் இன்னும் கிளப்ப வேண்டும்? கோவிட் காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு, எதிர்ப்புச் செல்களே ஈரலைத் தாக்கியது போன்ற அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள்.

வெருளத்திலிருந்து ஒரு தாத்தா: இருமலுக்கு நம் தென்னாப்பிரிக்காவின் பெலர்கோனியம் செடியின் வேர் சிரப் நல்லதா?

நெஞ்சுச்சளி சீக்கிரம் குறைய ஓரளவு உதவலாம் தாத்தா, சில சோதனைகளில் அப்படித் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன் இதையே காசநோய் மருந்தாக இங்கிலாந்தில் விற்றார்கள். அதற்கு இது ஆகாது. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால் கிளினிக்கில் சளி கொடுத்து டிபி பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.