முழுப் படம் உங்களுடையது ஆகாது. உங்கள் பகுதியைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: ஆறு பேர் ஃபைல் கைமாற்றி வரையும் டிஜிட்டல் ஓவிய விளையாட்டில் சேர்ந்தேன். முந்தையவர் வரைந்ததில் அடி ஓரப் பட்டை மட்டும் தெரியும். அதிலிருந்து தொடர்ந்து வரைந்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது பகுதி என்னுடையது. 11 இரவு தூங்காமல் வரைந்தேன். இப்போது விளையாட்டை நடத்தியவர் முழுப் படத்தையும் தன் பெயரில் போஸ்டராக விற்கிறார். கேட்டதற்குக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். நட்பை நம்பி ஏமாந்தேன். போலீசில் புகார் கொடுத்து முழுப் படத்தையும் என் பெயருக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியாது. தூங்காத இரவுகள், நட்பு, குழுவிலிருந்து நீக்கியது எதுவும் வழக்கில் எடைக்கு வராது. நான் பார்ப்பது ஒன்றைத்தான். கடைசிப் படத்தில் உங்கள் பகுதி தனியாகத் தெரிகிறதா, இல்லை அடுத்தவர்கள் அதன் மேலேயே வரைந்து கலந்துவிட்டார்களா?

ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாத படைப்பைத்தான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. உங்கள் விளையாட்டு அப்படித் தெரியவில்லை. பட்டைக்குக் கீழே நீங்கள் வரைந்தது உங்களுடையது, மற்ற ஐந்தில் உங்களுக்குப் பாத்தியதை இல்லை. இருவர் கோடும் கலந்த அந்தப் பட்டைக்காக மல்லுக்கட்டாதீர்கள். ஒருவேளை எல்லாம் கலந்துதான் இருக்கிறது என்றாலும், மற்றவர்கள் சம்மதமில்லாமல் ஒருவர் விற்க முடியாது. விளையாட்டில் சேர்ந்ததால் உரிமையை எழுதிக் கொடுத்ததாகவும் ஆகாது. அதற்கு 19ஆவது பிரிவு கையெழுத்திட்ட எழுத்தைக் கேட்கிறது. உங்கள் பெயரைப் போடாமல் விட்டதைக் கேட்க 57ஆவது பிரிவு இருக்கிறது.

சரி, சட்டம் உங்கள் பக்கம்தான். இதே நிலையில் வந்தவர்கள் தாங்களே கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருப்பதால்தான் மீதியை எழுதுகிறேன்.

ஒருவர் ஆத்திரத்தில் முழுப் படத்தையும் தன் பக்கத்தில் ஏற்றி, "என் படத்தைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதினார். அதுவரை அவருக்காகப் பேசியவர்கள் அன்றே எதிர்ப்பக்கம் போனார்கள். அவர்கள் வரைந்ததை அவர்களைக் கேட்காமல் வெளியிட்டவர் இப்போது இவர். விற்றவரைக் கட்டும் விதி உங்களையும் கட்டும். முழுப் படத்துக்கும் உரிமை கோரி நோட்டீஸ் விட்டால், ஆதாரமற்ற மிரட்டல் என்று 60ஆவது பிரிவில் அவரே உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

இன்னொருவர் ஆதாரம் காட்டுகிறேன் என்று ஃபைலைத் திறந்து, லேயருக்கு "என் பகுதி" என்று பெயர் வைத்து, சேமித்து எனக்கு அனுப்பினார். மாற்றிய தேதி அன்றைய தேதியாகிவிட்டது. மின்னணு ஆதாரத்துக்கு 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 63ஆவது பிரிவில் கேட்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) எழுத வேண்டும். நீங்கள் நான்காமவருக்கு அனுப்பிய ஃபைலும் உங்களிடம் இருப்பதும் ஒரே ஹேஷ் காட்டினால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரு முறை சேமித்தாலே அது மாறிவிடும். அதனால் அந்த ஃபைலைத் திறக்காதீர்கள். அப்படியே நகலெடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது உங்கள் அரட்டையைத்தான். முடிந்த படத்தைப் பார்த்த சந்தோஷத்தில் "போஸ்டர் போட்டா செமயா இருக்கும், போடுங்க" என்று எழுதினீர்களா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்த வரி. எழுத்தில் கொடுத்த அனுமதி என்று வாதிடுவார். போலீஸ் புகாரும் அங்கேயே ஆட்டம் காணும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் தெரிந்தே மீறினார் என்று காட்ட வேண்டும், அனுமதி இருப்பதாக நம்பினேன் என்பார் அவர். அப்புறம், உங்கள் பகுதியில் இணையத்தில் எடுத்த புகைப்படமோ டெக்ஸ்சரோ இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் நான் தெரிந்துகொள்ளக் கூடாது.

என்னைக் கேட்டால், சமாதானமாகப் போங்கள். ஆறில் ஒரு பங்குக்காக வருடக்கணக்கில் அலைவது உங்களைத்தான் தேய்க்கும். விற்றவரைத் தவிர்த்து மற்ற நான்கு பேரிடமும் முதலில் பேசுங்கள். ஐந்து பேர் சேர்ந்து எழுதும் ஒரு கடிதத்துக்கு இருக்கும் பலம் தனியாக விடும் நோட்டீசுக்கு இல்லை. ஆறு பெயரும் வர வேண்டும், விற்றதில் பங்கு வேண்டும், இனிக் கேட்காமல் அச்சிடக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டால் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒப்பந்தத்தில் உரிமை எத்தனை வருடம், எந்த நாடுகளுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் 5 வருடம், இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்.