அந்தமானில் ஐந்து இரவுகள்: குடும்பத்துடன் எந்தக் கடற்கரைகளுக்குச் செல்லலாம்?

பொங்கல் விடுமுறையில் ஐந்து இரவுகள் அந்தமான் செல்லவிருப்பதாகவும், எழுபதை நெருங்கும் பெற்றோரும் ஏழு வயது மகளும் உடன் வருவதாகவும் எழுதி, எந்தெந்தக் கடற்கரைகளைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சித்தப்பாவின் குடும்பம் நெடுங்காலமாகப் போர்ட் பிளேயரில் வசிப்பதால், வெவ்வேறு பருவங்களில் அந்தத் தீவுகளில் தங்கியிருந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். (அந்நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள், ஹேவ்லாக் தீவு 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். பேச்சுவழக்கில் பழைய பெயர்களே புழங்குவதால் நானும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.)

புகைப்படங்களைப் பார்த்துக் கடற்கரைகளை வரிசைப்படுத்துவதைக் காட்டிலும், கடல் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் பார்த்து நாள்களை வகுத்துக்கொள்வதே அந்தமானில் பயன் தரும். சென்னையிலும் கன்னியாகுமரியிலும் கடல்மட்ட வேறுபாடு குறைவு என்பதால் நாம் இதைக் கவனித்துப் பழகவில்லை. அங்கோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் வேறுபாடு இருக்கும். பல கடற்கரைகளில் அடித்தளம் மணலாக இல்லாமல் பவளப்பாறையாக இருப்பதால், காலையில் பச்சையும் நீலமுமாகத் ததும்பிய அதே இடத்தில் பிற்பகலில் சேறும் கூர்மையான பாறையும்தான் தெரியும். ‘படத்தில் பார்த்த கடற்கரை இதுவா?’ என்று ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் தவறான நேரத்தில் சென்றவர்களே.

இதற்கு நம் வீட்டு நாள்காட்டியே ஓரளவு உதவும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் போர்ட் பிளேயரைச் சுற்றிப் பொதுவாக முற்பகலில் கடல் ஏறியிருக்கும், பிற்பகலில் வற்றியிருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இது தலைகீழாகும், ஏற்ற இறக்கத்தின் அளவும் குறையும். நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதை வைத்து இடைப்பட்ட நாள்களையும் கணக்கிடலாம். ஆயினும் விடுதி முன்பதிவுக்கு முன்பே, நீங்கள் தங்கும் நாள்களுக்கான துல்லியமான நேரங்களை இணையத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வற்றத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எந்த நேரமும் செல்லத்தக்க ஒரு கடற்கரை உண்டென்றால் அது ஹேவ்லாக்கின் ராதாநகர்தான். படகுத் துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அடியில் பாறை இல்லாமல் மென்மணல் சீராகச் சரிந்து இறங்குவதால், வற்றமென்றால் கரை சற்று அகலமாகும், அவ்வளவே. பின்னால் காடு நெருங்கி நிற்பதால் உங்கள் பெற்றோர் மரநிழலில் அமர்ந்து பேத்தி குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் வழங்கப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்ற கடற்கரை என்பதால் உடைமாற்றும் அறை, கழிப்பறை, உயிர்காப்பாளர் ஆகிய வசதிகளும் உள்ளன. அந்தமான் நம்மைவிட வெகுவாகக் கிழக்கே இருந்தும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால், ஜனவரியில் மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். எனவே மூன்று மணிக்கே அங்கு சென்றுவிடுங்கள். மே மாத நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிய பின் இதே கடற்கரையில் அலை முரட்டுத்தனமாக இருக்கும்; ஜனவரியில் குழந்தையை இறக்கலாம். என் கணக்கில் ராதாநகருக்கு இரண்டு மாலைகளை ஒதுக்குவதே சரி.

ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையிலுள்ள விஜயநகரும் காலாபத்தரும் முற்றிலும் வேறு இயல்புடையவை. விடுதிகளில் பெரும்பாலானவை இக்கரையில்தான் இருப்பதால், ‘கடலை ஒட்டிய அறை’ என்று கூடுதல் வாடகை கொடுத்து எடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஏற்றத்தில் நீர் மரவேர்கள் வரை வந்து தொடும், நிறம் கண்ணைப் பறிக்கும். வற்றத்தில் நெடுந்தூரம் நடந்தாலும் கணுக்காலுக்கு மேல் நீர் இராது. நீந்த முடியாத அந்த வேளை உங்கள் மகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். பாறைக் குழிகளில் தேங்கிய தெளிந்த நீரில் விரல் நீளக் கருநிறக் கடல் வெள்ளரிகள் அசையாமல் கிடப்பதையும், சங்கு ஒன்று திடீரென்று கால் முளைத்து நடப்பதையும் (உள்ளே துறவி நண்டு இருக்கும்) குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். தேய்ந்துபோன செருப்பாக இல்லாமல் பிடிப்புள்ள காலணியாக அணிவியுங்கள். சூரிய உதயம் காண இக்கரைக்கு வர வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்தாக வேண்டும்.

ஹேவ்லாக்கிலேயே உள்ள எலிஃபென்ட் கடற்கரைக்குப் படகில் செல்லலாம், அல்லது காட்டு வழியே நடந்து செல்லலாம். பெற்றோருடன் என்றால் படகுதான். 2004 ஆழிப்பேரலையில் வீழ்ந்த பெருமரங்கள் கரையில் இன்னும் வெளுத்துக் கிடக்கின்றன. கடலுக்கடியில் மீன்களைப் பார்ப்பதற்காக எல்லோரும் இங்கு செல்கிறார்கள். மீன்கள் உண்மையிலேயே உண்டு. பவளத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்: 2010-இல் கடல்நீரின் வெப்பம் உயர்ந்ததால் அந்தமானின் பவளங்களில் பெரும்பகுதி வெளிறிப்போயின, கரையோர ஆழமற்ற பகுதிகளில் அந்தச் சேதம் கண்கூடாகவே தெரிகிறது. எஞ்சியிருப்பவற்றின் மீது கால் ஊன்றாமல் மிதக்கும்படி வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படகுகள் குவியும் கடற்கரை என்பதால் அன்றைய முதல் படகில் செல்வது நல்லது. எல்லோரும் ஒரே நாளில் செல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெற்றோர் களைத்திருந்தால் விட்டுவிடக்கூடிய இடம் இது.

நீல் தீவை ஒரு பகல் பயணமாக முடித்துவிடச் சொல்வார்கள். அப்படிச் செய்யாமல் ஓர் இரவாவது தங்குங்கள். மூலைக்கு மூலை சில கிலோமீட்டரே உள்ள சிறிய, வயல்கள் நிறைந்த தீவு. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தம் ஊர்களுக்கு இராமாயணப் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். ஆட்டோவில் எந்தக் கடற்கரைக்கும் சிறிது நேரத்தில் போய்விடலாம் என்பதால், கடலின் நேரத்துக்கு ஏற்ப இடம் மாற்றிக்கொள்ள இதைவிட வசதியான தீவு கிடையாது. ஏற்ற நேரத்தில் படகுத் துறையை ஒட்டிய பரத்பூர். முழங்கால் ஆழத்தில் அலையின்றி நிற்கும் நீர், குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. நீந்தத் தெரியாத உங்கள் பெற்றோர் கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம். வற்றத்தில் அந்தப் படகுகளே மணலில் ஒருக்களித்துச் சாய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் லட்சுமண்பூரின் இயற்கைப் பாறைப் பாலத்துக்குச் செல்ல முடியும். வழியெல்லாம் வழுக்கும் இறந்த பவளம் என்பதால் பெற்றோரை அழைத்துச் செல்ல வேண்டாம். மாலையில் லட்சுமண்பூரின் மற்றொரு கடற்கரையில் அனைவரும் சேர்ந்து அமரலாம்.

போர்ட் பிளேயரை ஒட்டிய கடற்கரைகளில் கார்பின்ஸ் கோவ் மாலை நடைக்கும் தேநீருக்கும் போதுமானது. சிடியா டாப்பு அந்திக்கு அழகானது, குளிப்பதற்கன்று. வண்டூரிலும் வேறு சில இடங்களிலும் உவர்நீர் முதலைகள் குறித்த எச்சரிக்கைப் பலகைகளைக் காண்பீர்கள். அவை ஒப்புக்கு வைக்கப்பட்டவை அல்ல. 2010-இல் ஹேவ்லாக்கில் ராதாநகருக்கு அருகிலுள்ள ஒதுக்குப்புறமான பகுதியில் நீந்திய வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலையால் உயிரிழந்தார். கழிமுகங்களையும் அலையாத்திக் காடுகளையும் ஒட்டிக் குளிக்காதீர்கள். அந்தி சாய்ந்த பின் எங்குமே நீரில் இறங்க வேண்டாம். உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் இருந்தால் அஞ்சத் தேவையில்லை.

பவளத்துக்காக ஒரு நாளை ஒதுக்க விரும்பினால், வண்டூரிலிருந்து படகில் செல்லும் ஜாலி பாய் தீவு எலிஃபென்ட்டைவிட மேலானது. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த இத்தீவு உங்கள் மாதத்தில் திறந்திருக்கும்; மழைக்காலத்தில் இதை மூடி ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். முன்அனுமதி வாங்க வேண்டும், பிளாஸ்டிக் பொருள்களுக்கு அனுமதியில்லை. ஆனால் பெரிய படகிலிருந்து சிறிய படகுக்கு மாறி இறங்க வேண்டியிருக்கும் என்பதால், முழங்கால் வலி உள்ள பெற்றோர் என்றால் யோசியுங்கள். திக்லிப்பூரின் ராஸ் – ஸ்மித் மணல்திட்டும் சிறிய அந்தமானும் மிக அழகானவையே. ஐந்து இரவுகளில் அவற்றைச் சேர்த்தால் சாலையிலும் கப்பலிலுமே பொழுது கழியும்.

ஆக, முதல் இரவு போர்ட் பிளேயர், அடுத்த இரண்டு ஹேவ்லாக், ஒன்று நீல், கடைசி இரவு மீண்டும் போர்ட் பிளேயர் என்று வகுத்துக்கொள்ளுங்கள். காற்று வலுத்தால் தீவுகளுக்கிடையிலான கப்பல்களை நிறுத்திவிடுவதால், விமானம் ஏறும் நாளன்று காலையில் நீலிலிருந்து கிளம்பும்படி திட்டமிடாதீர்கள். சங்கோ பவளத் துண்டோ பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையில் பறிமுதல் செய்வார்கள். மகளிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.