மகளின் மேல்படிப்புக்கு மஞ்சக்குப்பம் வீட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் கடலூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 54. 1999ல் பணியில் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் உண்டு. கணவர் திருப்பாதிரிப்புலியூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். செலவு போக மாதம் 30,000 ரூபாய் நிற்கும். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மகள் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு ஒன்றரை வருடமாகப் புதுச்சேரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 22,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறாள். மாலையில் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படித்து பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சியை முடித்திருக்கிறாள். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. நிவாரணம் ஏன் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை என்று அப்போதிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை மற்றும் உலகளாவிய ஆளுகை முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓராண்டுப் படிப்பு, கட்டணம் 27,000 பவுண்டு. மொத்தம் 42 லட்சம் ஆகும், ஐ.நா.வில் வேலை கிடைத்தால் இரண்டே வருடத்தில் கடனை அடைத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். எங்களிடம் எஃப்.டி. 12 லட்சம், ஜி.பி.எஃப். 9 லட்சம், 40 பவுன் நகை, மஞ்சக்குப்பத்தில் வீடு, பண்ருட்டி பக்கம் ஒரு ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கின்றன. வீட்டின் பட்டா இன்னும் காலமான மாமனார் பெயரில்தான் உள்ளது. வங்கியில் வீட்டை அடமானமாக வைத்தால் 10.5 சதவீதத்தில் 40 லட்சம் தருகிறார்கள். ஒரு தனியார் நிதி நிறுவனம் அடமானமே இல்லாமல் 12.5 சதவீதத்துக்குத் தருகிறது. முன்பணம் 3,000 பவுண்டு கட்ட இந்த மாதக் கடைசிவரைதான் கெடு. எந்தக் கடனை வாங்குவது? வேண்டாம் என்று சொன்னால் அவள் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: அம்மா, இரண்டு கடனும் இந்த ஆண்டு வேண்டாம். முன்பணத்தைக் கட்டாதீர்கள். அட்மிஷனை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு மகளையே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஓராண்டில் செய்ய நிறைய இருக்கிறது.

முதலில் படிப்பைப் பற்றி. இது வெறும் பட்டத்துக்கான படிப்பு இல்லை. ஒரு அரசுத் திட்டம் ஏன் ஓர் ஊரில் பலன் தருகிறது, பக்கத்து ஊரில் ஏன் தருவதில்லை, அதை எப்படி அளப்பது என்பதைப் பொருளியலையும் புள்ளியியலையும் வைத்துச் சொல்லித்தருவார்கள். உலகளாவிய ஆளுகை, அதாவது நாடுகள் கூடிப் பொது விதிகளை வகுப்பது பற்றிய பகுதி, கடலூர்க்காரர்களுக்கு அந்நியமானதல்ல. உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் ஜெனிவாவில் மீன்பிடி மானியம் பற்றி ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. மீன்பிடிக்கு அரசுகள் தரும் உதவிக்கு எங்கே எல்லை போடுவது என்ற பேச்சு அங்கே இன்னும் முடியவில்லை. தேவனாம்பட்டினத்துப் படகு வரை வந்து தொடும் பேச்சு அது. அந்த மேசையில் நம் கரையை அறிந்த ஒருவர் உட்கார வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன். உங்கள் மகளின் விருப்பம் சரியானது. ஏஜென்ட் சொன்ன கணக்குதான் தவறு.

27,000 பவுண்டு கட்டணத்தோடு, லண்டனுக்கு வெளியே சிக்கனமாக இருந்தாலும் மாதம் 1,100 பவுண்டு வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 13,200 ஆகும். விசாக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். மாணவர்களுக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கான விசா அதற்கு மேலும் சில மாதம் நீள்வதால் ஒன்றரை ஆண்டுக்கு, அதாவது 1,164 பவுண்டு, முன்கூட்டியே கட்ட வேண்டும். விமானம், குளிருடை, அறை முன்பணம் என்று இன்னும் ஓர் ஆயிரம். ஆக 43,000 பவுண்டை நெருங்குகிறது. ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தாலே 51 லட்சத்தைத் தாண்டுகிறது. அவர் சொன்ன 42 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ஜி.பி.எஃப். மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

அடுத்து தவணை. வங்கிக் கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 10.5 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கினால் இரண்டு ஆண்டில் அது 48.4 லட்சமாகிறது. பதினைந்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 53,500 ரூபாய். கட்டி முடிக்கும்போது 96 லட்சம் போயிருக்கும். தனியார் நிறுவனத்தின் 12.5 சதவீதத்தில் தவணை 61,600ஐத் தொடும், மொத்தம் ஏறத்தாழ ஒரு கோடியே 11 லட்சம். அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் படிக்கும்போதே வட்டியையும் கட்டச் சொல்வார்கள். அடமானம் இல்லை என்பதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம். இணைக் கடன்தாரராக நீங்கள்தான் கையெழுத்துப் போடப்போகிறீர்கள். மகள் கட்டாவிட்டால் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

இந்தத் தவணையை எந்தச் சம்பளத்தில் கட்டுவது? இதைத்தான் ஏஜென்ட் உங்களிடம் பேசவில்லை. கணினி படித்தவர் வெளிநாட்டுக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டில் கடனை அடைத்த கதை நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. பொதுக்கொள்கை அப்படிப்பட்ட துறை இல்லை. இங்கே பெரிய முதலாளி அரசாங்கம். ஒரு நாட்டின் அரசாங்கம் தன் குடிமக்களைத்தான் முதலில் பார்க்கும். பிரிட்டனில் காமன்வெல்த் நாட்டவர் சில அரசுப் பணிகளுக்கு விண்ணப்பிக்க இடம் இருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்வதற்கான விசா உரிமை கையில் இருக்க வேண்டும். படித்து முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு தந்துகொண்டிருந்த கிராஜுவேட் விசாவை 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அதற்குப்பின் தங்க வேண்டுமானால் திறன்பணியாளர் விசா வேண்டும். அதன் பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. ஆய்வு மையங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் தொடக்கச் சம்பளம் அந்தக் குறைந்த வரம்பைத் தொடுவதே கடினம்.

ஐ.நா. பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனிவாவிலோ கைக்காசில் தங்கித்தான் அதைச் செய்ய வேண்டும். இளம் அலுவலர் தேர்வுக்கு 32 வயது வரம்பு உண்டு, அந்த ஆண்டின் பட்டியலில் நம் நாடும் இருந்தாக வேண்டும். மற்ற தொடக்கநிலைப் பதவிகளுக்கு முதுகலையோடு இரண்டு ஆண்டு அனுபவமாவது வழக்கமாகக் கேட்கிறார்கள். உங்கள் மகள் ஒருநாள் அங்கே போகலாம், ஏன் போகக்கூடாது? ஆனால் முதல் தவணை கட்டும் தேதிக்குள் போயிருப்பார் என்று நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்க முடியாது.

ஆகவே கடனைச் சென்னை, டெல்லி சம்பளத்தில் வைத்து அளந்து பாருங்கள். இந்தத் துறையில் முதுகலை முடித்து வருபவர்கள் மாதம் 50,000 முதல் 80,000 வரை தொடங்குவதைப் பார்க்கிறேன். 60,000 என்று வைப்போம். வாடகையும் சாப்பாடும் போக மூன்றில் ஒரு பங்கு, 20,000 ரூபாய் தவணைக்குப் போகலாம். அதற்குள் அடங்கும் கடன் ஏறத்தாழ 15 லட்சம். படிக்கும் காலத்து வட்டியை, மாதம் சுமார் 15,750, நீங்களே கட்டிவர முடிந்தால் 18 லட்சம் வரை போகலாம். உங்கள் குடும்பத்துக்கு நான் வைக்கும் எல்லை இதுதான். படிப்பு எந்த நாட்டில் என்றாலும் சரி.

எஃப்.டி.யிலிருந்து 6 லட்சம் வரை எடுக்கலாம். மீதி மகனுக்கு. இன்னும் ஒன்றரை ஆண்டில் அவன் கல்லூரி வாசலில் நிற்பான். அக்காவுக்கு எல்லாம் போய்விட்டது என்ற எண்ணம் அவனுக்கு வரக்கூடாது. ஜி.பி.எஃப்.பையும் நகையையும் தொட வேண்டாம். முந்திரித் தோப்பை வங்கி பெரும்பாலும் ஏற்காது. கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை அடமானமாக எடுக்கத் தயங்குவார்கள்.

இந்த எல்லைக்குள் இங்கிலாந்து வராதே என்பீர்கள். உதவித்தொகையோடு வரும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கட்டணம், தங்கும் செலவு, விமானம் எல்லாவற்றையும் ஏற்கிறது. ஓராண்டு முதுகலைக்கென்றே உள்ளது. 2,800 மணி நேரம், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும். உங்கள் மகளுக்கு இன்னும் ஆறு மாதம்தான் பாக்கி. ஓராண்டு தள்ளிப்போடச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடும். மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும், இப்போது இடம் கிடைத்த படிப்பு அதில் ஒன்றாக இருக்கலாம். முடித்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவருக்கு அது பாரமாக இருக்காது. தலைமைப் பண்பு பற்றிய கட்டுரையில் புத்தக வாசகங்களை எழுதாமல், நிவாரணப் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று தான் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். போட்டி மிகக் கடுமை என்பதால் இதை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. 1892ல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கொடையின் கடன் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கட்டும்.

இணையாக இந்தியாவில் இடம் தேட வேண்டும். பெங்களூரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2014 முதல் இரண்டாண்டு பொதுக்கொள்கை முதுகலை நடத்துகிறது. ஐ.ஐ.டி. மும்பையிலும் டெல்லியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. இரண்டாண்டுக் கட்டணமும் விடுதியும் சேர்ந்தாலும் இங்கிலாந்துக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடியும். இன்னும் குறைந்த செலவில் வேண்டுமென்றால் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் குறைவு. அரசியல், பன்னாட்டு உறவுகள் முதுகலைக்கு கியூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தரவரிசையில் உள்ள உள்நாட்டு நிறுவனங்களில் சேர்ந்தால் பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். வட்டிச் சலுகை குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான், உங்களுக்கு வராது. ஆனால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

எந்தக் கல்லூரியானாலும் பாடத்திட்டத்தில் புள்ளியியலும், பொருளாதாரத் தரவை அளந்து ஆராயும் பொருளியல் அளவையியலும் கட்டாயமா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு எடுப்பவர்கள் தரவைக் கையாளத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். கொள்கைக் கட்டுரை எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த பிரெஞ்சு வரி. ஐ.நா. செயலகத்தின் பணிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். யுனெஸ்கோவும், பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யும் பாரிஸில் இருக்கின்றன, ஜெனிவாவும் பிரெஞ்சு பேசும் ஊர். பி1 முடித்தவர் இன்னும் ஓராண்டு உழைத்தால் பி2 எட்டலாம். பி2 இருந்தால் பிரான்ஸின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பல கதவைத் திறக்கும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கும் முதுகலைக் கட்டணம் அங்கே ஆண்டுக்குச் சுமார் 4,000 யூரோதான். இங்கிலாந்துக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்ய முடிகிற இடத்தில் அவர் இருக்கிறார். இந்தியர்களுக்கென்று ‘சார்பாக்’ என்ற பிரெஞ்சு உதவித்தொகையும் உண்டு.

இந்த ஓராண்டில் வேலை மாறவும் பார்க்கலாம். நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பின் லேம்ப் ஃபெலோஷிப், ஒரு நாடாளுமன்ற உறுப்பினருடன் இருந்து வேலை செய்யும் வாய்ப்பு. வயது வரம்பு 25 என்பதால் இவருக்கு அநேகமாக இதுவே கடைசி வாய்ப்பு. தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் இரண்டு ஆண்டு அரசுத் துறைகளோடு வேலை, மாதம் 60,000 ரூபாய்க்கு மேல் உதவித்தொகை, முடிவில் பொதுக்கொள்கையில் முதுகலைப் பட்டயம் என்று தந்தார்கள். அறிவிப்பு வந்தால் விடக்கூடாது.

வரி விஷயம் சுருக்கமாக: 80இ என்று நாம் பழகிவிட்ட கல்விக் கடன் வட்டிக் கழிவு, பழைய வரி முறையில் இருந்தால்தான் கிடைக்கும். கடனாக வாங்கிய பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப 2025 ஏப்ரலிலிருந்து டி.சி.எஸ். என்ற முன்வரிப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள், அதை ரிட்டர்ன் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் மகளோடு உட்கார்ந்து, காகிதத்தில் எண்களோடு பேசுங்கள். கேள்வி கேட்டே வளர்ந்தவர், கணக்கைக் காட்டினால் புரிந்துகொள்வார். நீங்கள் குறுக்கே நிற்கவில்லை அம்மா. 53,500 ரூபாய்த் தவணை தலைமேல் இருந்தால், கிடைத்த முதல் கார்ப்பரேட் வேலைக்கு ஓடவேண்டியதுதான். எந்த வேலைக்காக இதைப் படிக்க நினைத்தாரோ, அது அங்கேயே நின்றுபோகும்.

கடைசியாக, கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பட்டாவை மாற்றுங்கள். மாமனாரின் வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் மூன்றையும் எடுத்து வையுங்கள். கணவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களோடு பேசி, பங்கைக் கொடுத்தோ விட்டுக்கொடுக்கச் சம்மதம் பெற்றோ, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் செய்யும் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வையில் சலுகை உண்டு. இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள். ஒருவேளை அடுத்த ஆண்டு வீட்டைக் காட்டிச் சிறு கடன் வாங்கவேண்டி வந்தாலும், வங்கி வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது இந்தக் காகிதங்களைத்தான்.