வேலை முடிந்தும் களைப்பு ஏன்?

கேள்வி: சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் உள்ள என் வீட்டிலிருந்தே வேலை. மாலையில் இரண்டு மணி நேரம் கைப்பேசியில் வீடியோ பார்த்தும் களைப்பு போவதில்லையே? — வாசகி ஒருவர்

பதில்: உளவியலாளர்கள் சொனன்டாக், ஃபிரிட்ஸ் இருவரும் 2007-இல் வேலைக் களைப்பிலிருந்து மீள நான்கு வழிகளை வகுத்தார்கள்: வேலை நினைப்பை விலக்குவது, இளைப்பாறல், புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, ஓய்வு நேரம் நம் கையில் இருப்பது. வீடியோ இளைப்பாறலை மட்டுமே தரும். நடுவில் அலுவலகச் செய்தி வந்தால் அதுவும் போச்சு.

6.30-க்கு நாளைய முதல் வேலையை ஒரு வரியில் எழுதிவிட்டு, மடிக்கணினியை அலமாரியில் வையுங்கள். சாப்பாட்டு மேசையில் திறந்தே கிடந்தால் கை தானாகப் போகும். அலுவலகக் குழு அறிவிப்புகளை அணையுங்கள். பிறகு பொங்கோல் நீர்வழி ஓரமாக 30 நிமிட நடை. முன்பு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே எம்ஆர்டி ரயில் பயணம் தந்த இடைவெளி இதுதான். வாரம் இருமுறை பூப்பந்தோ வீணையோ பழகுங்கள். கவனம் முழுதும் அதில் இருக்கும்போது மீட்டிங் நினைவுக்கு வராது. அதற்கும் இலக்கு, அட்டவணை என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.