பிடித்தவருக்குப் பிடித்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வாசித்த 'எம்டிவி அன்பிளக்ட்' ஆல்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து ஒரு மாதமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு வயது 23. அதிலுள்ள 14 பாடல்களில் 6 அவர்களுடையவை இல்லை, மற்றவர்களின் பாட்டை எடுத்துப் பாடிய 'கவர்'கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த இரண்டும் அந்த ஆறில்தான் வருகின்றன. சரி, முதலில் பாடியவர்களையே கேட்போம் என்று தேடினேன். 'லேக் ஆஃப் ஃபயர்' பாட்டை மீட் பப்பெட்ஸ் குழு பாடியிருப்பதைக் கேட்டால், பாடுகிறவர் சுருதியிலேயே நிற்கவில்லை. லெட் பெல்லியின் பதிவு பழைய ரேடியோ மாதிரி இரைகிறது. பாதியில் நிறுத்திவிட்டேன். டேவிட் போவியை மட்டும் முழுதாகக் கேட்டேன். "கவரே நன்றாக இருக்கும்போது அங்கே போய் என்ன தேடுகிறாய்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பிடித்த குழுவின் முன்னோடிகளைத் தேடிப் போவதில் உண்மையிலேயே ஏதாவது கிடைக்கிறதா? அல்லது எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. முதலில் பாடியவர்களைத் தேடிப் போகும்போது கவரையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் பாடியதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்ற எல்லாரும் அதற்குக் கூடவோ குறைவாகவோதான் தெரிவார்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

அந்த ஆறு பாடல்களைப் பற்றி ஏமாற்றம் வேண்டாம். 1993 நவம்பர் 18, நியூயார்க். அன்றைக்கு உலகத்திலேயே மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்று நிர்வாணா. அவர்களுடைய மிகப் பெரிய வெற்றிப் பாட்டான 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வரும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர்கள் அதை வாசிக்கவே இல்லை. விருந்தினராக யாராவது பெரிய நட்சத்திரத்தை அழைத்திருக்கலாம். கோபேன் அழைத்தது அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துக்காரர்களான மீட் பப்பெட்ஸ் குழுவின் கர்ட் கிர்க்வுட், கிரிஸ் கிர்க்வுட் சகோதரர்களை. அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களையே வாசிக்கச் சொல்லி, அவர்களுடைய மூன்று பாடல்களைப் பாடினார். கோடிக்கணக்கானவர்கள் தன்னைப் பார்க்கப்போகும் நேரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கைத் தனக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். 1994 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். நவம்பரில் ஆல்பம் வெளிவந்தது. அவர் தெரிந்தே நமக்கு விட்டுச்சென்ற பட்டியல் அது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

தேடிப் போனால் என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பாட்டுக் கேட்கும் செயலி, ஒரு பாட்டு முடிந்ததும் அதே சாயலில் இன்னொன்றைப் போடுகிறது. நிர்வாணாவுக்குப் பிறகு அதே காலத்து, அதே சத்தமுள்ள இன்னும் பத்துக் குழுக்கள் வரும். நல்ல குழுக்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கலைஞன் நேசிப்பவை அவனைப் போலவே ஒலிக்க வேண்டும் என்பதில்லை. கோபேனுக்குப் பிடித்தவர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். லூசியானாவில் பிறந்த கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி, ஸ்காட்லாந்தின் வாஸலைன்ஸ், லண்டனில் பெண்கள் சேர்ந்து நடத்திய ரெயின்கோட்ஸ், வீட்டிலேயே கேசட்டில் பாடிப் பதிந்த டேனியல் ஜான்ஸ்டன். எந்தக் கணக்கும் இவர்களை ஒரே தட்டில் வைக்காது. ஒரு மனிதனின் விருப்பம் மட்டும்தான் வைத்தது. அந்த விருப்பத்தின் பின்னால் போனால்தான் நாமாகப் போயிருக்கவே முடியாத இடத்துக்குப் போகிறோம்.

அவரும் உங்களைப் போலத் தேடிப் போனவர்தான். ரெயின்கோட்ஸின் முதல் ஆல்பம் 1979-இல் வந்தது, பிறகு கிடைக்காமல் போனது. 1992-இல் லண்டன் போன கோபேன் தன்னிடமிருந்த தேய்ந்துபோன பிரதிக்குப் பதிலாக இன்னொன்று வாங்கலாம் என்று ரஃப் டிரேட் இசைத்தட்டுக் கடைக்குப் போனார். அந்தக் குழுவின் ஆனா ட சில்வா பக்கத்தில் ஒரு பழம்பொருள் கடையில்தான் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். தேடிப் போய்ப் பார்த்தார். பிற்பாடு ஆனா ஒரு பிரதியை அவருக்கு அனுப்பிவைத்தார். கோபேன் இதையெல்லாம் நிர்வாணாவின் 'இன்செஸ்டிசைட்' ஆல்பத்தின் உள்ளுறையில் எழுதியிருக்கிறார். அந்தப் பழைய ஆல்பங்கள் மறுபடி அச்சானதற்கும் குழு மறுபடி சேர்ந்ததற்கும் அதுவே வழிவிட்டது. அந்த முதல் ஆல்பத்தில் கிங்க்ஸ் குழுவின் 'லோலா' பாட்டை ரெயின்கோட்ஸ் பெண்கள் பாடியிருப்பார்கள். வயலினும் தட்டுத்தடுமாறும் தாளமுமாக, ஆணுக்காக எழுதிய வரிகளைப் பெண்கள் பாடும்போது அந்தப் பாட்டே வேறு பாட்டாகிவிடும். கேட்டுப் பாருங்கள்.

வாஸலைன்ஸ் யூஜின் கெல்லி, பிரான்சஸ் மெக்கீ இருவரும் தொடங்கிய குழு. 1989-இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துவிட்டார்கள். அன்பிளக்டில் நிர்வாணாவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிரிஸ்ட் நோவசெலிக் அக்கார்டியன் வாசிக்கும் பாட்டு இவர்களுடையதுதான். இவர்களை ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

போவியின் 'தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்' பாட்டை முழுதாகக் கேட்டேன் என்கிறீர்கள். அப்படியே லூலு என்ற ஸ்காட்லாந்துப் பாடகி 1974-இல் பாடியதையும் கேளுங்கள். போவியே தயாரித்து சாக்ஸஃபோனும் வாசித்தது. பிரிட்டனில் மூன்றாம் இடம்வரை போனது. ஒரே பாட்டு மூன்று பேரிடம் எப்படியெல்லாம் ஆள் மாறுகிறது என்று தெரியும்.

இப்போது மீட் பப்பெட்ஸ். சுருதியில் நிற்கவில்லை என்று நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு பாட்டை மட்டும் தனியே எடுத்துக் கேட்காதீர்கள். கோபேன் பாடிய மூன்றும் 1984-இல் வந்த 'மீட் பப்பெட்ஸ் டூ' ஆல்பத்தில் இருக்கின்றன. மொத்தமே அரை மணி நேரம். முதலிலிருந்து கடைசிவரை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். பங்க் குழு என்று பெயர் எடுத்தவர்கள் அதில் நாட்டுப்புறச் சாயலுள்ள கன்ட்ரி இசைக்குள் போகிறார்கள். கிட்டார் அவ்வளவு சுத்தமாக, வேகமாக, தெளிவாக ஓடும். குரல் மட்டும் வெயிலில் நடந்து களைத்தவன் குரல் மாதிரி அதன் மேல் சாய்ந்து சாய்ந்து போகும். கிட்டாரின் துல்லியத்தையும் குரலின் தள்ளாட்டத்தையும் சேர்த்துக் கேட்கப் பழகிவிட்டால், அந்தத் தள்ளாட்டம் இல்லாமல் அந்த ஆல்பமே இல்லை என்று புரியும். அன்பிளக்டில் 'லேக் ஆஃப் ஃபயர்' பாடும்போது கோபேனின் குரல் உச்சியில் பிளக்கிறது. அதை அவர் சரிசெய்ய முயலவில்லை. ஏன் என்று மீட் பப்பெட்ஸின் பதிவைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு வழியையும் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. நிர்வாணாவின் முதல் சிங்கிளே (தனிப்பாட்டு இசைத்தட்டே) ஒரு கவர்தான். 1988-இல் சப் பாப் நிறுவனம் 1000 பிரதிகள் மட்டும் போட்ட 'லவ் பஸ்'. அது நெதர்லாந்தின் ஷாக்கிங் புளூ குழு 1969-இல் 'அட் ஹோம்' என்ற ஆல்பத்தில் பாடிய பாட்டு. நிர்வாணாவிடம் பேஸ் கிட்டார் மட்டும் விடாமல் சுற்றிச் சுற்றி வரும். மூலத்தைப் போட்டால் உள்ளே சித்தார்! அதே ஆல்பத்தில் 'ஆக்கா ராகா' என்று பாட்டில்லாத ஒரு இசைக்கோவை இருக்கிறது. அது ஷாக்கிங் புளூவுடையதும் அல்ல. கல்கத்தாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜான் மேயர் எழுதியது. 1960களில் அவர் ஜமைக்காக்காரரான சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டோடு சேர்ந்து ராகங்களையும் ஜாஸையும் கலந்து செய்த முயற்சிகளில் ஒன்று. வாஷிங்டன் மாநிலத்தின் மரம் அறுக்கும் ஊரான அபர்டீனில் வளர்ந்த பையன்களின் பின்னால் கிளம்பினால் மூன்றாவது அடியில் கல்கத்தாவில் பிறந்த ஒருவரிடம் வந்து நிற்கிறோம். இதைக் கண்டுபிடித்த அன்று நான் தூங்கவில்லை.

நீங்கள் பாதியில் நிறுத்திய லெட் பெல்லியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஹடி லெட்பெட்டர் என்பது அவர் பெயர். 1933-இல் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவுசெய்யக் கருவியைத் தூக்கிக்கொண்டு தென்மாநிலச் சிறைகளைச் சுற்றியபோது, லூசியானாவின் அங்கோலா சிறையில் கைதியாக இருந்த இவரைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு விடுதலையானார். 1949-இல் இறந்தார். அன்பிளக்டின் கடைசிப் பாட்டான 'வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்' அவர் எழுதியதும் இல்லை. அப்பலாச்சிய மலைப்பகுதியில் 1870களிலிருந்தே வழங்கிவந்த பாட்டு. நம் ஒப்பாரியும் தாலாட்டும் ஊருக்கு ஊர் மாறுவதுபோல அதுவும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஜூடித் மக்கல்லோ என்ற ஆய்வாளர் 160 வடிவங்களைக் கணக்கெடுத்திருக்கிறார். சிலவற்றில் பைன் காடு, சிலவற்றில் நீளமான ரயில். லெட் பெல்லியிடம் பைன் காடும், ரயிலில் சிக்கி இறந்த கணவனும் உண்டு.

கோபேனுக்கு இது அவருடைய நண்பரும் பாடகருமான மார்க் லேனகன் வழியாக வந்தது. இருவரும் சேர்ந்து லெட் பெல்லியின் தட்டுகளைக் கேட்டவர்கள். 1990-இல் லேனகன் தன் ஆல்பத்தில் இதைப் பாடியபோது கோபேன் கிட்டார் வாசித்திருக்கிறார்.

அந்தப் பதிவின் இரைச்சலைக் காது கொஞ்ச நேரத்தில் தானாகவே தள்ளிவைத்துவிடும். முதல் தடவை குரலைக் கவனிக்காதீர்கள். கிட்டாரை மட்டும் கேளுங்கள். பன்னிரண்டு தந்தி கிட்டார், சுருதியை நன்றாக இறக்கிக் கட்டியது. பியானோக்காரரின் இடது கை மாதிரி அடித்தந்திகள் நடக்கும். திஸ்ர நடை, ஒரே சீராக. இரண்டாம் தடவை குரலைக் கேளுங்கள். நேற்றிரவு எங்கே தூங்கினாய் என்று ஒரு பெண்ணைக் கேட்கிறார். கத்தவில்லை. பதில் தெரிந்தவர் கேட்பதுபோலக் கேட்கிறார். கணவனின் தலை ரயில் சக்கரத்தில் கிடைத்தது, உடல் கிடைக்கவே இல்லை என்ற வரியையும் அதே குரலில் கடந்துபோகிறார். எனக்கு உடம்பு நடுங்கியது அங்கேதான்.

அதற்குப் பிறகு அன்பிளக்டுக்குத் திரும்பிப் போனேன். அதுவரை அந்தக் கடைசிக் கத்தலுக்காகத்தான் அந்தப் பாட்டைக் கேட்டுவந்தேன். இப்போது கோபேன் கத்தாமல் இருக்கும் நிமிடங்கள் கேட்கத் தொடங்கின. அடக்கி, அடக்கி, லெட் பெல்லியின் அதே அமைதியில் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் மட்டும் மேல்ஸ்தாயிக்குத் தாவுகிறார். முடிக்கும் வரியின் நடுவே ஒரு கணம் நிறுத்தி மூச்சை இழுக்கிறார். அந்த அடக்கத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது பழைய பதிவில் இருக்கிறது. கவர் நன்றாக இருக்கும்போது அங்கே எதற்குப் போக வேண்டும் என்று கேட்கும் உங்கள் நண்பர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: போய்விட்டு வந்தால் கவரே இன்னும் நன்றாகக் கேட்கிறது.

இன்னும் ஒன்று. லெட் பெல்லி பாடிப் பரப்பிய 'ராக் ஐலண்ட் லைன்' பாட்டை 1950களின் நடுவில் லானி டானகன் என்ற பிரிட்டன் பாடகர் பாடினார். அது பெரிய வெற்றி. ஊரெங்கும் பையன்கள் மலிவு கிட்டாரும் துணி துவைக்கும் பலகையும் வைத்துக்கொண்டு ஸ்கிஃபிள் குழு தொடங்கினார்கள். லிவர்பூலில் ஜான் லெனன் தொடங்கியதும் அப்படி ஒரு குழுதான், குவாரிமென். அதுதான் பிறகு பீட்டில்ஸ் ஆனது. அன்பிளக்டின் முதல் பாட்டு 'அபௌட் எ கேர்ள்' கோபேன் பீட்டில்ஸைக் கேட்டுக் கேட்டு எழுதியது. கடைசிப் பாட்டு லெட் பெல்லி வழியாக வந்தது.

இந்த வாரம் 'மீட் பப்பெட்ஸ் டூ', அடுத்த வாரம் லெட் பெல்லி. அப்புறம் அன்பிளக்டை முதல் பாட்டிலிருந்து போடுங்கள்.

அன்புடன்